மடியில் இருந்த புட்டி

கண்ணாயியை ஓரிடத்தில் உட்காரவைக்க அவளைப் பெற்றவளாலேயே முடிந்ததில்லை. மலைமேல் குண்டூர் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அப்படித்தான். சாமைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்ப்பதற்குள் சுனையில் தண்ணீர் மொண்டுகொண்டிருப்பாள். காப்பித் தோட்டத்துப் பங்களாவில் சமையல் வேலைக்குச் சேர்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அவளுக்குக் குழந்தை இல்லை. புருஷன் ராசுவுக்கு இரண்டாந்தாரம் பார்க்கும் பேச்சை மாமியார் அத்தாயி எடுத்துவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை.

பங்களாவில் ரொட்டி மாவைப் புளிக்கவைக்க அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து கள் வரும். கள்ளுக்கடைகளை மூடிய வருஷம் அது நின்றுபோயிற்று. பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி வேறு வழி சொன்னாள். மலைவாழைப்பழத்தைத் தோலோடு நறுக்கி, வெல்லத் தண்ணீர் ஊற்றிப் புட்டியில் அடைத்து, குலுக்கிக் குலுக்கி, அவ்வப்போது தக்கையைத் திறந்து காற்றை விட வேண்டும். நுரை கட்டினால் அந்தத் தண்ணீரில் மாவு பிசையலாம். மார்கழிக் குளிரில் முதல் புட்டி நுரைக்காமலே கெட்டது. கிறிஸ்துமஸ் வேறு நெருங்கிவிட்டது. கண்ணாயி அடுத்த புட்டியைக் கம்பளித் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாள். படுக்கையையும் அடுப்போரம் மாற்றிக்கொண்டாள். கள் வாடை அடிக்கும் எதையும் அத்தாயி வீட்டுக்குள் விடமாட்டாள் என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

புட்டி நழுவாமலிருக்க வயிற்றில் கைவைத்து மெதுவாக நடந்தாள். ஓடிக்கொண்டே இருந்தவள் அடிமேல் அடி வைத்தால் ஊருக்கு அது போதாதா?

அத்தாயி பெண் பார்ப்பதை நிறுத்தினாள். மருமகளின் தலையிலிருந்த விறகை இறக்கி வாங்கினாள். "பாத்து நட, கண்ணு" என்றாள். அதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கண்ணாயி பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாசல் வரை வருவாள், திரும்பிப் போவாள். காப்பிச் செடி மறைவில் தக்கையைத் திறக்கும்போதெல்லாம், நாளைக்குச் சொல்லிவிடுவதாகப் புட்டியிடம்தான் சத்தியம் செய்தாள்.

ஒருநாள் அத்தாயி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி, சாமைப் பொங்கல் வைத்து, கண்ணாயியை அடுப்போரம் உட்காரவைத்தாள். எழுந்திருக்க விடவில்லை. புட்டி சூடேறியது. உள்ளே குமிழிகள் முட்டுவது கையில் தெரிந்தது. வெளியே போய் வருகிறேன் என்று கெஞ்சினாள். இலையில் இன்னும் ஒரு கரண்டி பொங்கல்தான் விழுந்தது. தக்கை பட்டென்று தெறித்தது. சேலை நனைந்து, புளிப்பு வாடை வீடு முழுக்கப் பரவியது.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கொழந்தை இல்லீங்க அத்தை," என்றாள் கண்ணாயி. "ரொட்டிக்கு வெச்ச தண்ணீங்க."

அத்தாயி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து புட்டியை எடுத்து, அடியில் மிஞ்சியதைப் பார்த்து, தக்கையைத் தேடி லேசாகச் செருகினாள்.

"கொஞ்சம் மிச்சமிருக்குது. இதையாச்சும் சாக உடாதே."

மறுநாள் காலையில் அத்தாயி பெண் கேட்கக் கிளம்பிப் போனாள். ராசு தடுக்கவில்லை.

பங்களாவில் கண்ணாயி மிச்சத் தண்ணீரில் மாவு பிசைந்து துணியால் மூடிவைத்தாள். மாவு மெல்ல உப்பி வந்தது. மற்ற நாளாக இருந்தால் அதற்குள் பத்து வேலை முடித்திருப்பாள். அன்றைக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, துணியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். துரைசானி வந்து கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.