நூல் அளந்து செய்த கண்ணாடி

என் அலுமாரியின் மேல் லாச்சியை இழுத்தால் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கும். தடித்த கறுப்புச் சட்டம். அதைச் சுற்றி ஒரு சிவப்புத் தையல் நூல். நூலின் இரண்டு முனையிலும் முடிச்சு. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்க முடியாது, தெருவில் வருகிறவரின் முகமும் சரியாகப் பிடிபடாது. வலது கண்ணுக்கு நீட்டிய கையின் நுனி மட்டும் துலக்கமாகத் தெரியும். போன மாதம் விடுமுறைக்கு வந்த மகள் வீட்டை ஒதுக்குகிறேன் என்று தொடங்கி, இது ஒன்றுக்கும் உதவாத சாமான் என்று குப்பைப் பைக்குள் போட்டுவிட்டாள். நான் பைக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கும் உதவாத சாமானா? எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே எழுதத் தொடங்கிவிட்டேன்.

கண்ணாடி என் மாமாவுடையது. மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். போர்க்காலத்தில் துறைமுகக் காவல் பிரிவில் சார்ஜன்டாக இருந்தவர். பெரிய வாயிலில் வேலை. வாயிலில் இருந்து பத்து அடி தள்ளி இருந்த, அனுமதிப் பாஸ் எழுதும் அறையில் நான் லிகிதர். எங்கள் ஊரான கப்பல்துறையில் இருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, வழியில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறங்கி ஏறி, காலை ஏழு மணிக்குப் போய்ச் சேருவோம். அவர் ஆயுத அறைக்குப் போய் ரிவோல்வரை வாங்கி இடுப்பில் கட்டிக்கொள்வார். பின்னேரம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். பிரிவில் ஆயுதம் வைத்திருந்த தமிழர் அவர் ஒருவர்தான். ஊரில் சிலர் அவர் விலைபோனவர் என்றார்கள். வேலையிடத்தில் சிலர் அந்தத் துவக்கு எந்தப் பக்கம் திரும்புமோ என்றார்கள். இரண்டு பேச்சும் என் காதிலும் விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வெற்றிலைப் பையை எடுத்துப் பாக்குத் தேடுவார்.

வாயிலில் அவர் நிற்பது ஏன் பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் கூலிவேலைக்கு வருகிற சனம் எல்லாம் அந்த வாயிலால்தான் உள்ளே வர வேண்டும். அங்கே நின்ற மற்றக் காவலர்கள் தூரத்து ஊர்ப் பொடியன்கள். அவர்களுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, எங்கள் சனத்துக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. நடுவில் நின்றவர் மாமா. ஒருநாள் மூதூர் லோஞ்சில் கடல் கடந்து வந்த வயோதிபர் ஒருவர், காது கேளாதவர், நில் என்று கத்தியதும் தெரியாமல் சாக்கு மூட்டையோடு உள்ளே நடந்துகொண்டிருந்தார். காவலன் பதறித் துவக்கைத் தூக்கிவிட்டான். மாமா ஓடவில்லை, கத்தவில்லை. நடந்து போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டிக் காவலனிடம் ஏதோ சொன்னார். பிறகு அந்த மனிதரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் அறை வாசலில் இருத்தித் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். காவலனுக்கும் ஒரு தேத்தண்ணீர். அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான்.

அடுத்த வருடம் புதிய பொறுப்பதிகாரி வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றால் சூட்டுச் சோதனை ஒன்றில் தேற வேண்டும், தவறினால் பின்பக்கத்துக் கயிற்றுக் கொட்டிலைக் காவல் காக்கப் போக வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். பெயர் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் வயது ஐம்பத்தெட்டு. என் கையாலேயே அதை அடித்துக் கொடுத்தேன் என்ற வெட்கம் இன்றைக்கும் போகவில்லை. மாமா அறிவித்தல் பலகையில் அதை இரண்டு தரம் வாசித்தார். “ஓம், நல்லது” என்றார். அவ்வளவுதான்.

நல்லது இல்லை என்பது அவருக்குத் தெரியும். துறைமுகத்தின் பின்னால் வெள்ளைக்காரன் காலத்துச் சூட்டுத் திடல் ஒன்று இருந்தது. அங்கே கிழமைக்கு ஒருநாள் பயிற்சி. ஆளுக்கு ஆறு குண்டு. குழலின் நுனியில் நிற்கிற சின்ன முனைக்கு அவர் முன்குறி என்று சொல்லுவார். தூரத்துக் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த முன்குறிதான் சில வருடங்களாகப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்ததாம். வாசிக்கிற கண்ணாடி முன்குறிக்கு இப்பால் இருப்பதைத் துலக்கும், தூரக் கண்ணாடி அதற்கு அப்பால் இருப்பதைத் துலக்கும். ஒருநாள் மாமியின் தையல் பெட்டியில் இருந்து சிவப்பு நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், திடலில் ரிவோல்வரை நீட்டிப் பிடித்து, கண்கடையில் இருந்து முன்குறிவரை அளந்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் பெருந்தெருவில் இருந்த ஒரு முஸ்லிம் நானா. அன்று நானும் கூடப் போயிருந்தேன். நூலை மேசையில் வைத்து, இந்த நீளத்துக்கு ஒரு வில்லை வேண்டும், வலது கண்ணுக்கு மட்டும் என்றார் மாமா. நானா நூலையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். “ஐயா, படிக்கிறதுக்குக் கேட்டா செய்வன், தூரத்துக்குக் கேட்டா செய்வன். நூலுக்குக் கண்ணாடி கேட்டு ஒருத்தரும் வந்ததில்லையே” என்றார். என்றாலும் செய்தார். நூலின் ஒரு முனையை மாமாவின் கண்ணோரம் பிடித்து, மறுமுனையில் எழுத்து அட்டையை வைத்து, அரை நாளாக வில்லை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வளவில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் துவக்கு இல்லை. பொம்மைத் துவக்குக்கூட வைத்திருக்க முடியாத காலம். மாமா ஒரு சோடாப் போத்தலில் மண்ணை நிரப்பி மூடி, கழுத்தைப் பிடித்துக் கையை நீட்டி, மேலே ஓர் ஐந்து சதக் காசை வைப்பார். ஆட்காட்டி விரலை மெல்ல மடக்குவார். காசு விழக்கூடாது. விழுந்தால் முதலில் இருந்து. விடிந்தால் நூறு தரம், பின்னேரம் நூறு தரம். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, உங்கடை மாமாவுக்கு என்ன வருத்தம் என்று என்னிடம் கேட்டாள். மாமியோ ஒருபடி மேலே போய், சோதனையில் இந்த மனுசன் தோற்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். கயிற்றுக் கொட்டிலில் என்றால் எவனும் தேடிவந்து சுடமாட்டான் என்பது மாமியின் நியாயம். அதைப் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அந்தக் காது கேளாத மனிதர் கண்ணுக்குள் நின்றார். மாமி ஒரு பக்கமும் நான் மறு பக்கமுமாக ஒரே அம்மனைத்தான் கும்பிட்டோம்.

சோதனை நாள் காலை. முடிவுகளைப் பதிய என்னைத்தான் கூப்பிட்டார்கள். திடலில் மண்மேட்டில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கலைத்த பிறகுதான் தொடங்க முடிந்தது. இருபத்தைந்து அடி தள்ளிக் கடதாசி இலக்கு. பன்னிரண்டு குண்டில் எட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். மாமா தன் ரிவோல்வருக்குக் கை நீட்டினார். பொறுப்பதிகாரி வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். இனி எல்லோருக்கும் புதியதுதான், சோதனையும் அதில்தான் என்றார். அதன் குழல் பழையதைவிட நான்கு விரல் கட்டை. முன்குறி கிட்ட வந்துவிட்டது. நூல் அளந்தது பழைய துவக்குக்கு. நாங்கள் எல்லாவற்றையும் யோசித்தோம், துவக்கு மாறும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

முதல் ஆறில் மூன்றுதான் வட்டத்துக்குள். மூன்று என்று எழுதும்போது பேனை கடதாசியைக் கிழித்தது. துவக்கை மாற்றியது நியாயமில்லை என்று சொல்ல நான் கதிரையில் இருந்து அரைவாசி எழும்பிவிட்டேன். மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு புதிய ரிவோல்வரை வெறுமனே நீட்டிப் பார்த்தார். தலையை முன்னுக்குக் கொண்டுபோனார், பின்னுக்குக் கொண்டுபோனார். கடைசியில் இடது கையால் கண்ணாடியைத் தள்ளி மூக்கு நுனிக்கு இறக்கினார். வில்லை கண்ணை விட்டு விலகியதும், கிட்ட வந்துவிட்ட முன்குறி மறுபடி துலங்கியதாம். பேப்பர் வாசிக்கிற கிழவன்மாதிரி என்று பின்னால் நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். மாமா சுட்டார். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி நீட்டினார். ஆறாவது குண்டுக்குச் சிரிப்புச் சத்தம் இல்லை. இலக்கைக் கொண்டுவந்து பார்த்தபோது ஆறும் உள்ளே இருந்தன.

பொறுப்பதிகாரி கடதாசியை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்து, மொத்தம் ஒன்பது, தேர்ச்சி என்று எழுதும்படி சொன்னார். வயது என்ற இடத்தை வெறுமையாக விடச் சொன்னார். மேலிடத்துக்குப் போகிற அறிக்கைக்கு அது தேவையில்லையாம். ஆளை விலக்கத் தேவைப்பட்ட வயது, ஆள் வென்றதும் தேவையில்லாமல் போய்விட்டது. மாமாவுக்கு அது கேட்டது. துவக்கைத் திறந்து வெறுமையாக்கி மேசையில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். அதிகாரியின் முகத்தைப் பார்க்கவேயில்லை. வீட்டில் என்னை நீ என்று பேசுகிற மனிதர் அன்றைக்கு முழுத் தமிழில், எல்லோர் முன்னாலும், நீங்கள் போட்டுப் பேசினார்.

“பிள்ளை, வயசையும் எழுதுங்கோ” என்றார்.

எழுதினேன். ஐம்பத்தெட்டு என்று, கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். பொறுப்பதிகாரி என்னையும் பார்த்தார், பேனையையும் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் காலை மூதூர் லோஞ்ச் வந்தபோது மாமா வாயிலில் நின்றார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றார். திடலுக்கு வெளியே ஒரு குண்டுகூடச் சுடவில்லை. நேர்த்தி பலிக்காத மாமி சோதனை நாள் இரவு அறக்குளா மீனைப் பொரித்து, பெரிய துண்டை அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

மாமா செத்துப் பல வருடமாகிறது. இதை எழுதும்போது கண்ணாடியைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நூலின் சிவப்பு வெளிறிவிட்டது, முடிச்சுகள் அவிழவில்லை. என் கண்ணிலும் நீர் வடிகிறது. பத்து வரிக்கு ஒருதரம் துடைக்க வேண்டியிருக்கிறது. நேற்று மகள் தொலைபேசியில், இந்த வயசில ஏனம்மா உங்களுக்கு எழுத்து என்று கேட்டாள். பத்திரிகைக்கு அனுப்பத்தான் போகிறேன் என்றதும், சரி, பெயரை மட்டும் போடுங்கோ, வயசைப் போடாதேங்கோ, பார்க்கிறவை கிழவியின்ரை கதை எண்டு தள்ளிப்போடுவினம் என்றாள்.

எனக்கு வயது அறுபத்திரண்டு.