மஹ்பூபா வீட்டுக் குடம்

சனிக்கிழமை சாயங்காலம் பெர்னார்ட் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள, அவன் அம்மா சவுந்தரம் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். எட்டு வருஷமாக வாராவாரம் நடக்கிற வேலை. அந்தக் குடத்தில் அவர்கள் வீட்டில் யாரும் தண்ணீர் பிடித்ததில்லை. அது மஹ்பூபா வீட்டுக் குடம்.

“நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கொண்டுபோய்க் குடுத்துடறேன்,” என்றாள்.

“வாராவாரம் இதைத்தான் சொல்றீங்க.”

“இந்தத் தடவை தண்ணியோட கொண்டுபோறேன்டா.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷக் கடைசி மழையில் சுங்கை பினாங் ஆறு அவர்கள் குடியிருந்த கம்பத்துக்குள் ஏறியது. வெள்ளம் வடிந்தபோது கக்கூஸ் வாளிகளும் செத்த கோழிகளும் ஒரே சேற்றில் கிடந்தன. வாந்திபேதி புறப்பட்டது. அவர்கள் வீட்டு வரிசைக்கு ஒரே கிணறு. நகராண்மைக் கழகத்தில் குழாய் ஃபிட்டராக இருந்த பெர்னார்ட் அதை இறைத்து, கிருமி கொல்லும் ஊதா மருந்து போட்டான். பிறகு அம்மாவிடம் ஒரே ஒரு விதி சொன்னான்: கிணற்றுக்குள் ஒரே வாளிதான் இறங்க வேண்டும், யார் வீட்டுப் பாத்திரமும் உள்ளே போகக் கூடாது.

சவுந்தரம் கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கையில் துடைப்பக்கட்டை. அவளே இறைத்து ஊற்றுவாள். மற்றவர்கள் ஏந்திக்கொள்ள வேண்டும்.

“கவர்னருக்குக்கூட இவ்வளவு காவல் இல்ல லா, அக்கா!” என்பான் வண்டிக்கார அலாவுதீன்.

“கவர்னரை நீ குடிக்கப் போறதில்லையே. தள்ளி நில்லு.”

ஒருநாள் மத்தியானம் வாளியையும் கையோடு எடுத்துக்கொண்டு கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனாள். அந்நேரம் அதே வரிசையில் குடியிருந்த மஹ்பூபாவின் மகள் சுலைஹா பேதியில் கிடந்தாள். மஹ்பூபா தன் குடத்தையே கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினாள். நிறைந்த குடம் மேலே வரவும் சவுந்தரம் திரும்பி வரவும் சரியாக இருந்தது.

“பேதி கண்ட வீட்டுக் குடத்தையா உள்ள விட்டே?”

“புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சுக்கா. உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.”

“உன் ஒரு புள்ளைக்காக எல்லாப் புள்ளையும் சாகணுமா?”

சவுந்தரம் குடத்தைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தாள். வெறுங்குடத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மறுபடி மருந்து போட்டு, மறுநாள்வரை கிணற்றை மூடினார்கள். வரிசையே மஹ்பூபாவை வாய்க்கு வந்தபடி ஏசியது. எல்லார் வீட்டிலும் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. ஒரு குவளை யாரும் தரவில்லை. சவுந்தரமும் தரவில்லை. மஹ்பூபா வாய்க்காலில் மொண்டுபோனாள். விடிவதற்குள் சுலைஹா போய்விட்டாள்.

வேறு எந்த வீட்டிலும் சாவு விழவில்லை. விதி சரியானதுதான். இன்று கேட்டாலும் பெர்னார்ட் அதையேதான் சொல்வான்.

வரிசை தலையெடுத்தது. கால் நட்டு வீடுகளை உயர்த்திக் கட்டினார்கள். கிணற்றுக்குச் சிமெண்டுச் சுவரும் மூடியும் வந்தன. புதிதாகக் குடிவந்தவர்களிடம், “சவுந்தரம் அக்கா இல்லேன்னா இந்த வரிசையே இல்ல,” என்பார்கள். அதைக் கேட்டால் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரேயொரு முறை சவுந்தரம் குடத்தோடு மஹ்பூபா வீட்டு வாசலுக்குப் போனாள். மஹ்பூபா கை நீட்டவில்லை.

“வெறுங்குடம் எதுக்குக்கா? அன்னைக்குத் தண்ணியோடதானே பிடுங்கினீங்க? தண்ணியோடயே கொண்டாங்க.”

அதற்குப் பிறகு தேய்க்கத்தான் முடிந்தது.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, தேய்த்து முடித்ததும் சவுந்தரமே கிணற்றுக்குப் போய்க் குடத்தை நிறைத்து வந்தாள். தூக்க வந்த பெர்னார்டின் கையைத் தட்டிவிட்டாள். வாசற்படிக்கு உள்ளே வைத்து, தட்டால் மூடினாள். காலையில் எழுந்திருக்கவில்லை. நெஞ்சடைப்பு என்றார் டாக்டர்.

துக்கத்துக்கு வரிசையே திரண்டது. நல்ல வெயில். போன வருஷம் குடிவந்த தனலெட்சுமி, வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் குடத்திலிருந்தே மொண்டு கொடுத்தாள். சவப்பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டுப் பெர்னார்ட் திரும்பியபோது குடம் அடிதட்டியிருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மஹ்பூபா படியேறிவிட்டாள்.

அவள் முதலில் குடத்தைத்தான் பார்த்தாள். கழுத்தோரத்தில், தன் வீட்டில் இருந்தபோதே விழுந்த பழைய நசுங்கலைப் பார்த்தாள். பிறகுதான் சவுந்தரத்தின் முகத்தை.

தனலெட்சுமி குடத்தைச் சாய்த்து, மிச்சத்தைக் குவளையில் ஊற்றி நீட்டினாள். “வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கக்கா.”

“தாகமில்லம்மா,” என்றாள் மஹ்பூபா.

அவள் இறங்கிப் போனாள். அந்தக் குவளையை அலாவுதீன் வாங்கிக் குடித்தான். குடம் வாசற்படிக்கு உள்ளேயே இருந்தது.