நாளைக்கு வாடை பலமா இருக்கும்

ஆறு வருடமாக பிளாரன்ஸுக்கு ஒரே வேலை. தினமும் மதியம் மூன்று மணிக்கு, மறுநாள் கடல் எப்படி இருக்கும் என்று மீனவர்களின் போனுக்குக் குரல்செய்தி அனுப்ப வேண்டும். தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்தச் சம்பளம். ஃபேன் போட்டால் ஒலிப்பதிவில் இரைகிறது என்பதால் வியர்வையோடுதான் பேச்சு.

மேலிருந்து வரும் தாளில் ‘வடதிசைக் காற்று’ என்று இருக்கும். அவள் அதை ‘வாடை’ என்பாள். மேற்கே இருந்து அடித்தால் கச்சான். கரையில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

மார்கழியில் புது மேலாளர் சுந்தரராஜ் வந்தார்.

“மேடம், நாளைக்கு வாடை பலமா இருக்கும்னு அனுப்பியிருக்கீங்களே, நாத்தம் அடிக்குமா?”

கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். பள்ளியில் வாடைக்காற்றுப் பாட்டு ஒப்பித்து மார்க் வாங்கியிருப்பார். ‘காற்று’ என்ற வால் இல்லாததால் மனுஷனுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. இனி தாளில் உள்ளதை உள்ளபடி வாசிக்கச் சொல்லிவிட்டார்.

வாசித்தாள். அன்றிலிருந்து அவளுடைய போன் ஓயவில்லை.

“ஏளா பிளாரன்ஸு, அந்தச் செய்தி கெடக்கட்டும். நாளைக்கு வாடையா, கச்சானா? அத மட்டும் சொல்லு” என்பார் அண்ணன் ரோச். அவர் வைத்ததும் அடுத்த வள்ளத்துக்காரர். சோற்றில் கை வைக்க விடமாட்டார்கள். அலுத்துப்போய், வேலையே வேண்டாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் தன் வாய்ச்சொல்லை நாற்றம் என்று விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மூன்றாவது வாரம் ரோச்சும் பத்துப் பேரும் அவளோடு வந்து மேலாளர் முன்னால் நின்றார்கள்.

“சார், நீங்க அனுப்புதது எங்களுக்கு வெளங்கல. அவ பேச்சுலயே சொல்லட்டும்” என்றார் ரோச்.

சுந்தரராஜ் தங்கமான மனிதர். மன்னிப்புக் கேட்டு, சரி என்றார்.

அன்று மூன்று மணிக்குப் பழையபடி பேசினாள். “நாளைக்கு வாடை பலமா இருக்கும். ஆரும் கடலுக்குப் போவாதீங்க.”

வீட்டுக்கு வந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அனுஜா அந்தச் செய்தியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மம்மி, வாடைன்னா நாத்தம்தானே? நாளைக்கு எங்க நாறும்?”

பிளாரன்ஸ் பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்துவிட்டாள். கான்வென்டில் சிரிப்பார்கள் என்று பயந்து, பிள்ளை ‘அங்கன’ என்றால் ‘அங்கே’ என்று திருத்தி, ஒருமுறை வாயிலேயே அடித்தும் வளர்த்தது அவள்தான். வெட்கமாக இருந்தது. மேலாளரிடம் பேசப் பத்துப் பேர் வந்தார்கள். இதற்கு யாரைக் கூட்டிக்கொண்டு வருவது?