கப்பலை நிறுத்துகிறவன் பந்தைப் பிடித்தான்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஜெரால்டு ஒரு கேட்ச் பிடித்தான். அதனால் ஒரு கப்பலைக் கோட்டை விட்டான்.

சிரிக்காதீர்கள். எனக்கே இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஜெரால்டு கப்பலின் மேல்தளத்தில் டெக் வேலை பார்க்கிறவன். ஊருக்கு வந்து வெகுநாள் ஆகிவிட்டது. போன் வருமா, போன் வருமா என்று காத்துக் கிடந்து, கடைசியில் கம்பெனி கூப்பிட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை மெடிக்கல். அதில் பாஸானால் அந்த வாரமே கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். இதை விட்டால் அடுத்தது எப்போதோ... அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்? மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுக்க வேண்டும். இவன் மேட்சுக்குக் கிளம்பினான். எங்கள் தெருவுக்கும் வடக்குத் தெருவுக்கும் கிரிக்கெட். ரப்பர் பந்துகூட இல்லை – கார்க் பந்து. மருமகள் மெர்சி வாசலை மறித்து நின்றாள். ஆள் குறைகிறதாம், சும்மா நின்றுவிட்டு வருகிறானாம். இவனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

நின்றான். பவுண்டரி ஓரமாகத்தான் நின்றான். வடக்குத் தெரு கிளிட்டஸ் ஓங்கி ஒரு தூக்குத் தூக்கினான். பந்து வானத்துக்குப் போய், கடல்காற்றில் ஒரு ஆட்டம் ஆடி, நேராக இவனைப் பார்த்து வந்தது. இவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். முழங்கையை விறைத்தான். சுவர் மாதிரி நின்றான்.

பிடித்தும் விட்டான். அதுதான் வினையே. தவறவிட்டிருந்தால் ஒரு சிக்ஸரோடு போயிருக்கும்.

வீட்டுக்கு வரும்போது வலது கை மோதிர விரல் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. சோப்பு போட்டுப் பார்த்தோம், எண்ணெய் போட்டுப் பார்த்தோம். கடைசியில் நகை ஆசாரி மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார். வெட்டுப்பட்டதை மெர்சி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பேத்தி ஷைனி பிளஸ் டூ படிக்கிறாள். அப்பாவின் விரலைப் பார்த்ததும் அவளுக்குப் பிசிக்ஸ் பொங்கிவிட்டது. மொமன்டம் என்றாள், இம்பல்ஸ் என்றாள். நான் படித்த ஐந்தாம் வகுப்புவரை அந்த இரண்டு பேரும் வந்ததில்லை. விளக்கு என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். வேகமாக வருகிற பந்து ஒரு உந்தலைச் சுமந்துகொண்டு வருகிறது. அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு நேரத்தில் நிறுத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் மொத்த அடியும் ஒரேயடியாக விரலில் இறங்கும். பந்தோடு சேர்த்துக் கையையும் பின்னால் இழுத்துக்கொண்டே பிடித்தால் நேரம் கூடும், அடி குறையும். ஃபுட்பால் கோல்கீப்பர் பந்தை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு விழுகிறானே, அதுவும் இதே கணக்குதானாம்.

எனக்கே புரிந்துவிட்டது. எனக்குப் புரியாததெல்லாம் என் மகன்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏலே, கப்பல் கரைக்கு வரும்போது கயித்தப் போட்டு எப்படிலே நிப்பாட்டுவிய?"

வேலையைப் பற்றிக் கேட்டதும் அவனுக்கு வலி மறந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கயித்த டக்குனு இறுக்கிரக் கூடாதும்மா. அறுந்து ஆளையே வெட்டிரும். தூண்ல சுத்துப் போட்டு, கொஞ்சங் கொஞ்சமா வழிய விட்டு விட்டுத்தான் புடிக்கணும். அவ்வளவு பெரிய கப்பலும் பூனக்குட்டி மாரி நின்னுரும்."

"அப்ப பந்த மட்டும் ஏம்ல இறுக்கிப் புடிச்ச?"

விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் ஃபேன் வேகத்தைக் கூட்டினான்.

நீங்களே சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான டன்னை விட்டுப்பிடிக்கிறவனுக்கு, எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய பந்தை விட்டுப்பிடிக்கத் தெரியாதா? தெரியும். சம்பளத்துக்குச் செய்யும்போது நம் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆபீஸில் மேனேஜர் கத்தினால் எவ்வளவு நைசாகப் பின்வாங்குகிறோம்? அதே நாம் வீட்டில் பெண்டாட்டி ஒரு சொல் சொன்னால் முழங்கையை விறைத்துக்கொண்டு நிற்கிறோமே... ஏன்?

செவ்வாய்க்கிழமை மெடிக்கலில் டாக்டர் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாராம். இவன் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டியிருக்கிறான். அவர் பதிலுக்குச் சிரித்துக்கொண்டே, "அந்தக் கை" என்றாராம். அன்ஃபிட். விரல் சரியானபிறகு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனிக்கு அவசரம். அதே வேலைக்கு ஊரிலேயே சும்மா இருந்த இன்னொருவனைக் கூப்பிட்டார்கள். யார் என்கிறீர்கள்? வடக்குத் தெரு கிளிட்டஸ். அவனும் கப்பல்காரன்தான், உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

கிளம்புகிற அன்று முந்திரி மக்ரூன் பாக்கெட்டோடு சொல்லிக்கொள்ள வந்தான். நல்ல பையன், தலையை நிமிர்த்தவே இல்லை. மெர்சி காப்பியை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் என் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலைப் பற்றி என்ன கேட்கப் போகிறான்?

"ஏலே கிளிட்டஸ்... அது சிக்ஸர் போயிருக்கும்லா?"

"பின்ன? நீ புடிக்கலன்னா கடல்லதான் தேடிருக்கணும்."

ஜெரால்டு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. முதல் பிள்ளை பிறந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். மக்ரூன் பாக்கெட்டைப் பிரித்து அவன் இடது கையில் ஒன்றை வைத்தேன் – நானே வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.