அடிமூடிக்குள் இருக்கும் என் டோக்கன் எண்

நீ பொய் சொன்னாய். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை கேட்டில், இரண்டரை மணி ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

நீ இன்ஜினியர். நான் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்துபோன கான்ட்ராக்ட் ஆள். உலையின் சூட்டைப் பதிவு செய்ய உன் மேசையில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. 512 எம்பி ராம் மெமரி என்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. சூட்டைக் காட்டும் கிராப் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நான் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவன் என்று தெரிந்து நீயாகத்தான் வந்தாய்.

"ஆபீஸ்ல எழுதிக் கேட்டா ஆறு மாசம் ஆவும். நீயே ஒரு ராம் வாங்கியாந்து போட்டுடு. பர்மனெண்ட் லிஸ்ட்ல உன் பேர நான் சேக்கறேன்."

"உள்ள எட்த்துனு வர கேட் பாஸ் வேணுமே சார்?"

"அத்த நான் பாத்துக்கறேன். பாக்கெட்ல போட்டுக்கினு வா."

ஒரு ஸ்பேனர் கொண்டுவந்தாலும் கேட் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? பர்மனெண்ட் என்ற சொல் கண்ணை மறைத்துவிட்டது.

எங்கள் உலைப் பிரிவில் சொந்த டூல் வைத்திருப்பவன் எவனும் அதில் கம்பெனி கொடுத்த தன் டோக்கன் எண்ணைப் போட்டுவிடுவான். அதே பழக்கத்தில், புது ராமின் ஸ்டிக்கரில் மார்க்கரால் என் எண்ணை எழுதினேன். உலையை நிறுத்தியிருந்த கொஞ்ச நேரத்தில் பேட்டரியைக் கழற்றி, லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிமூடியின் இரண்டு ஸ்குரூவை எடுத்தேன். கொக்கிகளை விலக்கியதும் பழைய 128 எம்பி ராம் தானாக எழும்பியது. புதியதைச் சாய்வாகச் செருகி அழுத்தினேன். கிராப் உடனே வந்தது.

பழையதை உன்னிடம் நீட்டினேன். "அந்தக் குப்பைய நீயே வெச்சிக்கோ" என்றாய்.

கேட்டில் செக்யூரிட்டி என் சட்டைப் பையைத் தடவி, அந்தப் பழைய ராமை வெளியே எடுத்தார். "இன்னா நைனா இது?" நடந்ததைச் சொன்னேன். உன்னைக் கூப்பிட்டார்கள். உன் மேனேஜரோடு வந்தாய்.

"லேப்டாப்ப தொட இவனுக்கு யாரு பர்மிஷன் குட்த்தது? நான் சொல்லவே இல்லையே" என்றாய்.

வரிசையில் ஒருவன், "நாம கேன்டீன் வாழப்பழத்த எட்த்துனு போறோம், இவன் கம்ப்யூட்டரையே பார்ட் பார்ட்டா எட்த்துனு போறான்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

"லேப்டாப்ப தொறந்து பாருங்க சார், உள்ள என் டோக்கன் நம்பர் கீது!" என்று கத்தினேன்.

"லேப்டாப்ப தொறக்கணும்னா உலைய நிறுத்தணும். இவனுக்காக நிறுத்துவாங்களா?" என்றாய். மேனேஜர் தலையாட்டினார். அங்கேயே என் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினார்கள்.

பக்கத்து எளாவூரில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த ராம் திருடனா நீ?" என்றார். அந்தப் பெயர் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டது.

லேப்டாப் படுத்துவிட வேண்டும் என்று தினமும் வேண்டினேன். படுக்கவில்லை. நான் போட்டது அப்படி. ரயிலில் பார்த்த பழைய ஷிப்ட் ஆள் ஒருவன், "இப்ப செம ஸ்பீடுப்பா, அவரே ரெடி பண்ணாராம்" என்றான். கம்பெனி அந்த லேப்டாப்பைப் பழசென்று கழித்தபோது நீ வீட்டுக்கு எடுத்துப்போனதையும் அவன்தான் பின்னொரு நாள் சொன்னான்.

எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அந்த லேப்டாப்பை அதே கேட்டுக்குக் கொண்டு வா. ஷிப்ட் விடுகிற இரண்டரை மணிக்கு வா. இரண்டே ஸ்குரூதான். எல்லோர் முன்னாலும் கழற்றி, உள்ளே இருக்கிற எண்ணை உரக்கப் படி. அது யாருடையது என்று உன் வாயால் சொல்.