இன்னும் ஒரு திருகு

அந்தப் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக்கம்மாவிடம் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பேர் அவளுக்குப் பயந்து வேறு இடத்தில் கற்றுக்கொண்டவர்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, அதன்மேல் வைத்த காலை அவள் இருபத்திரண்டு வருடமாக எடுத்ததில்லை. கற்றுக்கொள்கிறவர் சரியாகத்தான் பிரேக் போடுவார். இருந்தாலும் அவள் தன் பங்குக்கு ஒரு மிதி மிதிப்பாள், வண்டி குலுங்கி நிற்கும். "நான் போட்டேனே மேடம்" என்று பாவமாகப் பார்த்தால், "போட்டீங்க, பிடிக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள். அப்படி வந்த பெயர்தான் அது.

வீட்டிலும் இதே கூத்துதான். அவள் மூடிய டப்பாவை அவளே திறந்தால்தான் உண்டு. நூலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் வாயில்லாத மனிதர். சர்க்கரை வேண்டுமென்றால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்த் திறந்து வாங்கி வருவார். சொட்டக் கூடாது என்று இறுக்கி இறுக்கியே வருடத்துக்கு இரண்டு குழாய் பாழாகும். பூட்டை இழுத்துப் பார்க்கிற வேகத்தில் ஒருமுறை நாதாங்கியே கையோடு வந்துவிட்டது. அதற்கும் அவள் அசரவில்லை. "பாத்தீங்களா, நல்ல வேளை இழுத்துப் பாத்தேன்" என்றாள்.

இப்படிப்பட்டவளின் காரிலிருந்து, அதுவும் இருபத்தாறு வருடத்துப் பழைய காரிலிருந்து, ஒருநாள் காலையில் தரையில் பொட்டு அளவுக்குக் கறுப்பாக ஆயில் சொட்டியிருந்தது. அன்றிலிருந்து ஏழு மாதமாக அவள் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, விடிந்ததும் எடுத்து, சொட்டுகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதினாள். அட்டைகள் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தன. சாட்சிக்கு.

யாருக்கு எதிரான சாட்சி என்றால், கொழுந்தனுக்கு எதிரானது. கணவரின் தம்பிதான் அவளுடைய மெக்கானிக். அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு நின்ற பையன், இப்போது காதோரம் நரைத்து, சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். மூன்று தடவை பார்த்தான். முதலில் இன்ஜின் தலையில் இருக்கும் தகரக் கவரைக் கழற்றி, அதற்கு அடியில் விறைத்துப்போயிருந்த கார்க் பேக்கிங்கை மாற்றினான். ஒழுகியது. அடுத்து, அடியில் ஆயில் இறக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டான். அப்போதும் ஒழுகியது. மறுபடி மேல் கவருக்கே இன்னொரு பேக்கிங் போட்டான். முன்னைவிட ஜோராக ஒழுகியது.

வண்டி வீடு திரும்பும் ஒவ்வொரு தடவையும் பிரேக்கம்மா போனட்டைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, கவரின் எட்டு போல்ட்டுக்கும் ஆளுக்கொரு திருகு கொடுப்பாள். எல்லாம் நல்லெண்ணத்தில்தான். அவன் அரைகுறையாக இறுக்கியிருந்தால் என்ன செய்வது? மறுநாள் சொட்டு கூடியிருந்தால் இன்னும் ஒரு திருகு.

இவ்வளவு செய்தும் ஒழுகுகிறது என்றால் காரணம் வேறு என்று அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அவன், "டிரைவிங் ஸ்கூலை ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தலாமா அண்ணி?" என்று கேட்டான். அவள் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அந்தக் கடுப்பை வண்டியில் காட்டுகிறான், வேறென்ன. வண்டி படுத்துவிட்டால் இவளே இறங்கி வருவாள் என்று காத்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை வண்டிக்குத் தகுதிச் சோதனை. பயிற்சி வண்டியில் ஒரு சொட்டு ஒழுகினாலும் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார். இருப்பதோ ஒரே வண்டி. அது நின்றால் பள்ளியும் நின்றது. ஐம்பத்து மூன்று வயதில் யார் வாசலில் போய் வேலை கேட்பது? புதன்கிழமை காலையில் அட்டைக் கட்டையும் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய் இறங்கினாள்.

"என்ன அண்ணி, மறுபடியுமா?"

"அதை நீதான் சொல்லணும்."

அட்டைக் கட்டு மேசையில் விழுந்தது. அவன் ஒவ்வொன்றாகப் புரட்டினான். "ஆயிலைவிட பென்சில்தான் அதிகம் செலவாயிருக்கும் போலிருக்கே."

"சிரிப்பா இருக்கா? என் வண்டி நின்னுபோனா யாருக்கு லாபம்னு யோசிச்சிட்டுதான் வந்திருக்கேன்."

அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணும் சொல்லல. இங்கயே உக்காந்து பாக்கப்போறேன்."

ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்தாள். அவன் மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை முக்கி இன்ஜினை மேலிருந்து கீழ்வரை கழுவினான். காற்றடித்துக் காயவைத்தான். பிறகு திரும்பி, "அண்ணி, பையில பவுடர் இருக்கா? மூஞ்சிக்குப் போடறது" என்றான்.

"யாருக்குக் காது குத்தறே? ஆயில் ஒழுகறதுக்குப் பவுடரா?"

"எங்க ஒழுகினாலும் கீழ வந்துதான் சொட்டும். ஆரம்பிக்கிற இடத்தைப் பவுடர் காட்டிக்குடுத்துடும்."

டப்பாவைக் கொடுத்தாள். அதற்கு முன் அதில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள், பழக்கம் எங்கே போகும்.

வெள்ளை பூசிக்கொண்டு இன்ஜின் இருபது நிமிடம் ஓடியது. அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது. மேலே, கவரின் பின்மூலையில், பவுடர் முதலில் பழுப்பானது, பிறகு கறுத்தது, அங்கிருந்து ஈரமாக ஒரு கோடு மெல்லக் கீழே இறங்கியது. அவன் இன்ஜினை நிறுத்தினான். டார்ச்சைப் பிடித்து வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"இங்க வந்து பாருங்க. இந்தப் போல்ட்டுக்கிட்டத் தகரம் உள்ள வளைஞ்சிருக்கு. கார்க் நசுங்கி வெளிய பிதுங்கியிருக்கு. இதை ரெண்டு விரல் பலத்துக்குமேல இறுக்கக் கூடாது. இறுக்க இறுக்க ஒழுகும்."

"நீ இறுக்கினதுதானே?"

"அப்படிச் சொல்வீங்கன்னுதான் போன தடவை ஒரு வேலை பண்ணினேன்." போல்ட்டின் தலைமேல் சிவப்பாக ஒரு சின்னக் கோடு இருந்தது. "என் பொண்ணோட நகப்பூச்சு. போல்ட்டுலேர்ந்து கவர்வரைக்கும் ஒரே கோடா இழுத்துவிட்டேன். இப்பப் பாருங்க, எட்டுலயும் கோடு உடைஞ்சு தனித்தனியா நிக்குது. யாரோ திருகியிருக்காங்க. அதுவும் ஒரு தடவை இல்ல."

பிரேக்கம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சிவப்பை அவள் பார்த்திருந்தாள். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அதை மட்டும் ஏதோ பட்டறை அடையாளம் என்று விட்டுவிட்டாள்.

"அண்ணனாத்தான் இருக்கும்" என்று அவன் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான். "அண்ணே, கார் இன்ஜின்ல கை வெச்சியா? போல்ட்டை இறுக்கினியா?"

அந்தப் பக்கம் நூலகத்தில் யாரோ இருமுவது கேட்டது. பிறகு அவர் குரல் தணிந்து வந்தது. "ஆமாடா. நான்தான். சும்மா ஒரு திருகு. உங்க அண்ணிகிட்டச் சொல்லிடாதே, திட்டுவா."

சர்க்கரை டப்பாவைத் திறக்க முடியாத மனிதர். ஜன்னலோரம் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து, அவள் ஸ்பேனரோடு குனிகிற ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல், இன்றைக்குப் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். பேசாமல் இருந்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் வெட்கமாக இருந்தது.

"அவரு இல்ல" என்றாள். "போனை வைக்கச் சொல்லு. நான்தான்."

அவன் போனைக் கட் செய்தான்.

"நீ வேணும்னே ஒழுகவிடறேன்னு நெனச்சேன். ஸ்டாண்டுல டாக்ஸி ஓட்டறவங்ககிட்டயும் சொன்னேன்."

"அதான் அவங்க வண்டி எதுவும் இப்ப இங்க வர்றதில்லையா?" என்றான் அவன். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் கவரைக் கழற்றி, சமமான இரும்புப் பலகைமேல் கவிழ்த்து, வளைந்த விளிம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினான். புது கார்க்கை வைத்து மூடி, ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் சுழற்றி, கடைசியில் ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்துத் துளி அசைத்தான். அவ்வளவுதானா என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சாவியைக் கொடுக்கும்போது, "ஆச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றான். அண்ணி என்று சொல்லவில்லை. அங்கிருந்து அவள் நேராக ஸ்டாண்டுக்குப் போனாள். தான் சொன்னது பொய் என்று டாக்ஸிக்காரர்களிடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் குனிந்து பார்த்தார், துணியால் துடைத்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை அட்டையில் ஒரு சொட்டு இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கை நமநமவென்றது. ஸ்பேனரோடு போய்ப் போனட்டைத் திறந்து, முதல் காரியமாகச் சிவப்புக் கோட்டைத் தேடினாள். எட்டு போல்ட்டிலும் இல்லை. தூசி மறைக்கிறதோ என்று முந்தானையால் துடைத்தாள். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்திருந்தான், புதிதாக ஒன்றுமே போடவில்லை. கைகழுவிவிட்டான், இனி எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. போனை எடுத்தாள்.

"தம்பி, இந்தத் தடவை கோடு போட மறந்துட்டியா?"

பட்டறையில் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மறக்கல அண்ணி" என்றான்.

அவள் போனட்டை மூடினாள். மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கப் போன கையை எடுத்துக்கொண்டு, ஸ்பேனரோடு உள்ளே போனாள்.