லேசர் கிளினிக்கில் ஒரு கிளவுஸ்

இன்னிக்கு பெருங்களத்தூர்ல ஒரு பல் கிளினிக். என் கடைவாய்ப் பல்லுக்கு கிரவுன்னு சொல்ற உறை போடணும்.

"மாவு வச்சு அச்சு எடுக்கறதெல்லாம் இப்ப இல்ல மேடம். ஸ்கேன் பண்ணா கம்ப்யூட்டரே டிசைன் பண்ணி இன்னிக்கே கிரவுன் ரெடியாயிடும்"னு டாக்டர் பெருமையா சொன்னார். லேசரால ஈறைச் சரிபண்ணி, பல்லை ராவி முடிச்சார்.

அப்ப அவர் போன் அடிச்சது. என் எச்சில் பட்ட கிளவுஸோடயே பேன்ட் பாக்கெட்ல கையை விட்டு எடுத்தார். மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டே பேசினார். பேசி முடிச்சதும் அதே விரல் என் வாய்க்கு வந்தது.

வாயை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"என்னாச்சு மேடம்?"

"கிளவுஸை மாத்துங்க டாக்டர்."

"இப்பதானே போட்டேன்!"

ராவின பல்லோட எழுந்து போகவும் முடியாது. அவர் முறைச்சுக்கிட்டே மாத்தின பிறகுதான் வாயைத் திறந்தேன்.

கிரவுன் கச்சிதமா உட்கார்ந்திருக்கு. ஆனா எனக்கு முன்னாடி அந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க யாருமே வாயை மூடலையா மக்களே?